ஆமென் என்று மட்டும்தான் சொன்னேன்

எனக்குச் சுகமாகிவிட்டது என்று முதன்முதலில் எனக்குச் சொன்னது என் மகன் கிதியோன்தான், சபையில் பாஸ்டர். போன வருஷம் குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு. அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, மைக்கில் சொன்னான். சபை முழுக்கக் கையில் ஓலையோடு நிற்கிறது. நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருக்கிறேன். "எங்க அம்மா மார்புல இருந்த கட்டியை ஆண்டவர் கரைச்சுப் போட்டார்" என்கிறான். யாரைச் சொல்கிறான் என்று நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்க்கிறாள்.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தாயி. நெற்றியில் பொட்டைப் பார்த்துத்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் யாராவது இருந்தால் என்னால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ஸ்தோத்திரம் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. அதோ முன்னால் நிற்கிறாரே கண்டக்டர் பொன்ராஜ், அவரும் எங்கள் சபைதான். மெதுவாகவே பேசுகிறேன்.

என் மகன்மேல் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனைப்போல ஒரு பிள்ளை கிடைக்காது. வயிற்றில் இருக்கும்போதே ஆண்டவருக்கென்று கொடுத்துவிட்ட பிள்ளை. அவன் என்னிடம் கேட்ட கேள்வியும் சரிதான், நான் சொன்ன பதிலும் சரிதான். அதில்தான் வந்தது எல்லாம்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலது பக்கம், அக்குளுக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு. மருமகள் கெத்சியாளிடம் சொன்னேன். அவள் அவனிடம் சொல்லிவிட்டாள். மாடி ஏறி ஓடி வந்தான். என் தலையில் கை வைத்து அழுதான் பாருங்கள், சின்னப் பிள்ளையில்கூட அவன் அப்படி அழுததில்லை. பிறகு சாப்பிடாமல் உபவாசம் இருந்தான். தண்ணீர்கூட எடுக்கவில்லை. உபவாசம் முடித்து வந்து கேட்டான்.

"அம்மா, வலி இருக்கா?"

"இல்லப்பா" என்றேன்.

வலி எப்போதும் இருந்ததே இல்லை, தாயி. முந்தியும் இல்லை, அன்றைக்கும் இல்லை. அவன் கேட்டது வலியைப் பற்றித்தானே. கட்டி இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். பட்டினி கிடந்து உதடு வெடித்துப்போய் என் முன்னால் முழங்காலில் நிற்கிற பிள்ளையிடம், கேட்காததை நானாக எப்படிச் சொல்ல?

அதற்குப் பிறகு அவன் ஒருதடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவ்வளவு விசுவாசம் அவனுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேடைக்கு என்னைக் கைபிடித்து ஏற்றினான். கேமராக்காரர்கள் வேறு. "அம்மா, ஆமென் சொல்லுங்க" என்று மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினான். நான் ஆமென் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆமென் என்றால் "அப்படியே ஆகட்டும்" என்று அர்த்தம். ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆகட்டும் என்று யாரும் சொல்லலாமே? அது ஜெபம்தானே? பொய் இல்லையே?

நீங்களே சொல்லுங்கள்.

வேண்டாம், சொல்ல வேண்டாம்.

அன்றையிலிருந்து நான் சாட்சி. எங்கள் ஆட்கள், ஆண்டவர் செய்ததை எழுந்து நின்று சொல்வதைச் சாட்சி சொல்வது என்பார்கள். நான் சொல்லவே இல்லை, நானே சாட்சியாகிவிட்டேன். "இவங்கதான் அந்தச் சாட்சி" என்று வெளியூர் ஆட்களுக்குக் காட்டுவார்கள். பெண்கள் வந்து என் சேலை முந்தானையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். செல்போனில் அந்த ஆமென் ஊர் ஊராகப் போயிருக்கிறது. மஸ்கட்டிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணி அழுகிறாள்.

சாட்சிக்குச் சளி பிடிக்கக்கூடாது, தெரியுமா? போன மழைக்கு எனக்கு ஜுரம். மாடியில் நாங்கள், கீழே சபை. மாடிப்படி சபைக்குள்ளேதான் இறங்கும், வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிற ஆட்கள் நடுவில்தான் போக வேண்டும். கெத்சியாள் கதவைச் சாத்தி வைத்துக் கசாயம் போட்டுக் கொடுத்தாள். கீழே கேட்டவர்களிடம், "அத்தை உபவாசத்துல இருக்காவ" என்றாள். வாயில் துணியை வைத்து இருமினேன். இருமல் சத்தம் கேட்டுக் கீழே ஒருத்தி, "பாஸ்டரம்மா நமக்காக என்ன பாரத்தோட மன்றாடுதாவ பாருங்க" என்றாளாம். கெத்சியாள் வந்து சொன்னாள். இரண்டு பேரும் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தோம். அவள் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.



எங்கள் மார்க்கத்தில் விசுவாசப்பிரமாணம் என்று ஒன்று உண்டு. நாங்கள் எதை நம்புகிறோம் என்று எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்வது. நான் பிறந்து வளர்ந்த பழைய சபையில் ஞாயிறு தவறாமல் அதைச் சொல்வோம். ஆண்டவர் பிறந்தார், பாடுபட்டார், சிலுவையில் மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார் என்று வரிசையாக வரும். கடைசியில், நம்முடைய இந்தச் சரீரமும் ஒருநாள் எழும்பும் என்று வரும். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் அது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அதில் பாடுபட்டு என்ற வார்த்தை எனக்கு உயிர். என்னைப் பெற்ற ஐயா உப்பளத்தில் கூலி. "பாடுபட்டு வந்திருக்கேன், சோத்தைப் போடு" என்றுதான் வீட்டுக்குள் வருவார். நான் சின்னதில் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த வரியில் ஒரு அதிகாரி பேர் வரும், இயேசுவும் அவரிடம் கூலிக்குப் பாடுபட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சிலுவைப் பாடு, துன்பம் என்று பிறகுதான் விளங்கியது. விளங்கின பிறகும் அந்த முதல் நினைப்பு போகவில்லை. அந்த வரி வரும்போது காலெல்லாம் உப்பு வெடிப்போடு ஒருத்தர் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

என் மகன் சபையில் விசுவாசப்பிரமாணம் கிடையாது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவன். இயேசு பாடுபடவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எடுத்துவிட்டான், அவ்வளவுதான். தப்பாகச் சொன்னால் யாராவது கேட்பார்கள். எடுத்துவிட்டதை யார் கேட்பார்கள்? அதற்குப் பதிலாக வெற்றி அறிக்கை என்று ஒன்று, கை தட்டிச் சொல்வது. நன்றாகத்தான் இருக்கும். அதில் யாருக்கும் வியாதி வராது, யாரும் சாகமாட்டார்கள்.

அவன் பழைய சபையில்தான் போதகராக அபிஷேகம் வாங்கினான். அன்றைக்குப் பெரிய ஐயர் அவனை முழங்காலில் நிறுத்தி, "இந்த விசுவாசத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காத்துக்கொள்வாயா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் போதகரைத்தான் ஐயர் என்போம், நீங்கள் நினைக்கிற ஐயர் இல்லை. "காத்துக்கொள்வேன்" என்றான், கோயில் முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் என் மகள் சலோமி, "நம்ம வீட்டுக் கதவைத் தாள் போடச் சொன்னாலே மறந்துட்டுப் போறவன், இவன் எதைக் காக்கப் போறான்" என்றாள். அவள் வாய் அப்படி. நான் கிள்ளிவிட்டேன்.

இந்தப் பெரிய வெள்ளிக்கு நான் கேட்டுப் பார்த்தேன். இயேசு சிலுவையில் மரித்த நாள் அது. அதை அவன் வெற்றி வெள்ளி என்று போஸ்டர் போட்டிருந்தான். சாப்பாட்டு நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஏப்பா, இன்னைக்கு மட்டுமாவது விசுவாசப்பிரமாணம் சொல்லலாமே."

"எதுக்கும்மா?"

"அதுல பாடுபட்டுன்னு வருமே. அது காதுல கேட்டா கொஞ்சம் நல்லாருக்கும்."

"அம்மா, அவர் பட்டாச்சு. நாம படாம இருக்கத்தான் அவர் பட்டது. பாடு, பாடுன்னு சொல்லிட்டே இருந்தா வீட்டுக்குள்ள பாடுதான் வந்து உக்காரும்."

"பாடு இல்லாத வீடு எங்கப்பா இருக்கு?"

"நம்ம வீடும்மா" என்றான். சொல்லிவிட்டு, தன் தட்டில் இருந்த சீலா மீனை முள் பார்த்துப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தான். தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். வேலை அலைச்சல், தூக்கம் இல்லை.

அவன் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்தான் வைத்திருந்தோம். ஈரலில் வியாதி. இவனுக்கு அப்போது கல்லூரி முடிகிற வயசு. "எங்கப்பா எழும்பி நடந்து வீட்டுக்கு வருவாவ" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு கட்டிலைவிட்டு நகராமல் ஜெபம் பண்ணினான். அவர் வீட்டுக்கு வந்தார், ஆம்புலன்ஸில், துணி மூடி. கல்லறையில் ஐயர் நின்று, இந்தச் சரீரம் எழும்பும் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. இவன் அங்கே இல்லை. கல்லறைக்கு வரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் நின்றுவிட்டான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. சபை ஆட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் போனில்தான் ஜெபம் பண்ணுவான்.

அடக்கம் பண்ணப்பட்டால்தானே, தாயி, எழும்ப முடியும்? அதை அவனிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். படித்த பிள்ளையிடம் நான் என்ன கேட்க. பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள் முழுதும் சொல்லிக்கொள்வேன், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னோடு போகட்டும் என்று. எனக்கென்ன, பிள்ளைகள் வளர்ந்தாயிற்று. ஆண்டவர் கூப்பிடும்போது போவேன், அப்போது கிதியோன் ஏதாவது சொல்லிக்கொள்வான். செல்வத்தாய் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

செல்வத்தாய் பீடி சுற்றுகிறவள். தாலி அறுத்தவள், ஒரே மகள் பிளெஸ்ஸி. சுகர், தினமும் ஊசி போட்டுக்கொள்வாள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தி மாடிக்கு வந்தாள். முகம் அப்படியே விளக்கு ஏற்றின மாதிரி.

"பாஸ்டரம்மா, ஊசியை நிப்பாட்டிட்டேன்."

"ஏம்ளா, டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் என்ன டாக்டர். உங்களுக்கு எந்த டாக்டர் சொன்னாரு? நீங்க ஆமென் சொன்னிய, நானும் ஆமென் சொல்லிட்டேன்."

"மருந்தும் ஆண்டவர் தந்ததுதானே, செல்வம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கீழே ஆட்கள் இருந்தார்கள்.

"உங்களுக்கு மருந்தில்லாம செஞ்சவரு எனக்கு மட்டும் மருந்துக் கடைக்குப் போன்னு சொல்லுவாராக்கும்? நான் பீடிக்காரின்னா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவள் என் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

பிறகு காலில் ஏதோ முள் குத்தியிருக்கிறது. ஆறவில்லை. கட்டைவிரல் கறுத்து, அப்புறம் பாதம் கறுத்து, இப்போது பாளையங்கோட்டையில் படுத்திருக்கிறாள். காலை எடுத்தால்தான் உயிர் என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. அவள் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். முந்தாநாள் பிளெஸ்ஸி போன் பண்ணினாள்.

"பெரியம்மா, அம்மா சம்மதிக்க மாட்டேங்காவ. பாஸ்டரம்மா கட்டி கரைஞ்ச மாதிரி என் காலும் ஆறும்ங்காவ. நான் என்ன சொன்னாலும் உங்க வீடியோவைப் போட்டுக் காட்டுதாவ."

நான் மாடிக் கதவைச் சாத்தினேன். பிறகு கேட்டாள்.

"பெரியம்மா, நெசமாவே கரைஞ்சிச்சா?"

தாயி, அத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்டது அந்த ஒரு பிள்ளைதான்.

"ஆண்டவர் நல்லவர், பிளெஸ்ஸி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதிலும் பொய் இல்லை.

நேற்று இதே பஸ்ஸில்தான் வந்தேன். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். பொன்ராஜ் என்னைப் பார்த்து, "ஸ்தோத்திரம்மா, மகள் வீட்டுக்கா?" என்றார். "ஆமா தம்பி" என்றேன். அப்புறம் எப்படி இறங்க? சாட்சி ஆஸ்பத்திரியில் இறங்கினால் பஸ் ஊருக்குத் திரும்புமுன்னே செய்தி சபைக்குப் போய்விடும். புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். சலோமி வீட்டுக்கும் போகவில்லை. போனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கொட்டிவிடுவேன் என்று பயம்.

இன்றைக்குக் காலையில் பிளெஸ்ஸி மறுபடியும் கூப்பிட்டாள். இனிமேல் தாமதித்தால் காலை எடுத்தும் பிரயோஜனம் இருக்காதாம். மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டுமாம். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாவ" என்கிறாள். என்ன வார்த்தை? ஜெபம் பண்ணினால் போதாது. டாக்டர் சொல்வதைக் கேள் என்று நான் சொன்னாலும் கேட்கமாட்டாள், "உங்களுக்கு யாரு சொன்னா" என்பாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் உறைக்கும். திரையை இழுத்துவிட்டு, ரவிக்கையை அவிழ்த்து, அவள் கையை எடுத்து இதன்மேல் வைக்க வேண்டும். இப்போது புளியங்கொட்டை இல்லை, தாயி. அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பொம்பிளைதான்.

அதைச் செய்தால் என் பிள்ளை என்ன ஆவான்? அவனை நம்பி எத்தனை பேர் பழைய சபையை விட்டு வந்திருக்கிறார்கள். அவன் மேடையில் பொய் சொன்னவன் என்பார்கள். அவன் பொய் சொல்லவில்லை, தெரியாமல்தான் சொன்னான். தெரிந்திருந்தால் சொல்லுவானா? செய்யாவிட்டால் பிளெஸ்ஸி ஒற்றைப் பிள்ளையாக நடுத்தெருவில் நிற்பாள். இரண்டு பக்கமும் சுவர். ஆண்டவரிடம் கேட்டால் அவரும் ஒன்றும் பேசவில்லை. அவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி, இந்தப் பாடு என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டவர்தான். நீங்கவில்லையே. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொன்னதில்லை.

கிதியோன் மதுரையில் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருக்கிறான். நாளைக்குத்தான் வருவான். காலையில் கெத்சியாளிடம், சலோமி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன். அவள் உள்ளே போனாள். வேறு ரவிக்கை எடுத்துக் கொடுத்தாள், முன்பக்கம் கொக்கி வைத்தது. படி இறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, ஆஸ்பத்திரியில சீட்டு போடுற எடத்துல கூட்டமா இருக்கும். ரெண்டு சீட்டா வாங்கிருங்க."

நான் ஆஸ்பத்திரி என்று அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்ததோ. அது மட்டுமில்லை, இரண்டு சீட்டு எதற்கு? செல்வத்தாய்தான் உள்ளேயே படுத்திருக்கிறாளே, அவளுக்குச் சீட்டு வேண்டியதில்லை. பார்க்கப் போகிறவர்களுக்கு இப்போது சீட்டு கேட்கிறார்கள்போல. பணம் வேறு கூடவே கொடுத்துவிட்டாள். விவரமான பிள்ளை, ஏதாவது யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

அதோ ஆஸ்பத்திரி மதில் தெரிகிறது. பொன்ராஜ் இந்தப் பக்கம்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். கேட்டால் ஆமாம் தம்பி, இங்கேதான் என்று சொல்லிவிடுகிறேன். அந்த அளவுக்காவது வாய் வரும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், தாயி, நான் இறங்க வேண்டும். மேலே கம்பியில் இருக்கிற அந்த நீலப் பையையும் நீங்களே எடுத்துத் தந்துவிடுங்கள். கண்டக்டர்தான் வாங்கி மேலே வைத்தார். எனக்கு வலது கை தூக்க வராது.